ஏறி இறங்கும் ஐடிலிங்: ஈ.சி.யூ.வை மாற்றும் முன் அந்த அரைச் சுற்றைத் திருப்புங்கள்

கடிதத்தின் சுருக்கம்

இருபது வயதைத் தாண்டிய தன் காரைப் பற்றி வாசகர் ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர், கேபிளில் இயங்கும் த்ராட்டில் (எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் தட்டு), சாதாரண மேனுவல் கியர். 1,90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் இடையே வெறும் ரப்பர் குழாய்தான். ஃபயர்வாலில் (எஞ்சின் அறைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) ஒரு சிறிய பெட்டி, அதற்கு மேனிஃபோல்டிலிருந்து (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) மெல்லிய ஹோஸ் வருகிறது.

ஆறு மாதத்துக்கு முன் தொல்லை ஆரம்பித்தது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கிளட்ச்சை மிதித்து வண்டியை நிறுத்தும்போது ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 400 வரை விழும்; சில சமயம் எஞ்சினே ஆஃப் ஆகிவிடும். டேங்க் நிறைய பெட்ரோல் போட்ட அன்று இது அதிகம். அவரே த்ராட்டிலின் முன்பக்கம் ஸ்ப்ரே அடித்துத் துடைத்தார். போதவில்லை. த்ராட்டில் லீவர் வந்து உட்காரும் ஸ்டாப் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருகினார். ரீசெட் ஆகட்டும் என்று பேட்டரி டெர்மினலை ஒரு மணி நேரம் கழற்றி வைத்தார். ஆஃப் ஆவது குறைந்தது, ஏ.சி. ஓடும்போது மட்டும் எப்போதாவது நடக்கிறது. ஆனால் புதிதாக ஒன்று வந்துவிட்டது: சூடான எஞ்சின் நியூட்ரலில் 900-க்கும் 1,700-க்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. ஏ.சி. போட்டால் ஆட்டம் அடங்குகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினில் இது இல்லை. செக் எஞ்சின் விளக்கும் எரியவில்லை.

ஒரு மெக்கானிக் ஐ.ஏ.சி. வால்வு (ஐடிலிங்குக்கான காற்றைக் கட்டுப்படுத்துவது) போய்விட்டது என்றார். வேறு வண்டியிலிருந்து கழற்றிய வால்வை மாட்டிப் பார்த்தும் பலனில்லை. இன்னொருவர் ஈ.சி.யூ. (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டது, பழையது ஒன்று வாங்கி வாருங்கள் என்கிறார். வாசகரின் கேள்விகள் மூன்று: ஈ.சி.யூ. வாங்கலாமா? இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றினால் சரியாகுமா? இப்படியே ஓட்டலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்

ஏறி இறங்கும் ஐடிலிங்கால் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் தானே ஓடுவதுதான் ஐடிலிங்) எஞ்சினுக்கு உடனே கேடு இல்லை. ஓடும்போது ஆஃப் ஆவதுதான் ஆபத்து. எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் சேர்ந்திருக்கும் வேக்யூம் (உறிஞ்சு விசை) இரண்டு மூன்று மிதிகளுக்குத்தான் வரும். அதனால் நிற்கும்போது பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதியுங்கள். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தாதீர்கள். இரண்டாம் கியர் வரை குறைத்து வந்து கடைசியில் கிளட்ச்சை மிதியுங்கள். ஓடும்போது ஆஃப் ஆனால் சாவியை லாக் பக்கம் திருப்பிவிடக் கூடாது. சரிசெய்யும்வரை நெரிசலிலும் மலைப்பாதையிலும் இந்த வண்டியை எடுக்காமல் இருப்பது நல்லது.

ஆர்.பி.எம். ஊசி ஏன் ஆடுகிறது

உங்கள் வண்டியில் இப்போது இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஆஃப் ஆவது பழைய நோய். ஊசல் ஆட்டம், மன்னிக்கவும், உங்கள் வைத்தியத்தால் வந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததால்தான் இரண்டு மெக்கானிக்குகளும் ஆளுக்கொரு திசையில் போயிருக்கிறார்கள்.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடிவிடும். எஞ்சின் அணையாமல் இருக்கத் தேவையான காற்று, தட்டைச் சுற்றிப் போகும் தனி வழியாக உள்ளே வருகிறது. அந்த வழிக்குக் கதவு போல இருப்பது ஐ.ஏ.சி. வால்வு. எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஈ.சி.யூ. கதவை அகலத் திறந்து 1,200 முதல் 1,500 வரை ஓட்டும். சூடாக ஆக மூடிக்கொண்டே வந்து 750, 800-இல் நிறுத்தும். ஏ.சி. போட்டால் கொஞ்சம் திறந்து தூக்கிப் பிடிக்கும்.

நீங்கள் ஸ்க்ரூவைத் திருகியதும் தட்டு நிரந்தரமாகக் கொஞ்சம் திறந்துகொண்டது. கதவை முழுதாக மூடினாலும் தட்டு வழியாக வரும் காற்றே எஞ்சினை 1,500-க்கு மேல் ஏற்றிவிடுகிறது. இங்கே ஈ.சி.யூ.வின் இன்னொரு விதி குறுக்கே வருகிறது. த்ராட்டில் மூடியிருக்கிறது, ஆனால் ஆர்.பி.எம். அதிகம் என்றால், வண்டி கியரில் வேகம் குறைந்து வருகிறது என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலை நிறுத்திவிடும். பல வண்டிகளில் சூடான எஞ்சினுக்கு இந்த எல்லை 1,400 முதல் 2,000-க்குள் எங்கோ இருக்கும். பெட்ரோல் நின்றதும் ஆர்.பி.எம். விழும், கீழ் எல்லைக்கு வந்ததும் பெட்ரோல் திரும்ப வரும், அதிகக் காற்று மறுபடி ஏற்றும், மறுபடி நிறுத்தும். உங்கள் மூன்று விநாடித் தாளம் இதுதான்.

நீங்கள் குறித்து வைத்த ஒவ்வொரு விவரமும் இதோடு பொருந்துகிறது. ஏ.சி. கம்ப்ரஸர் பாரம் ஏறியதும் ஆர்.பி.எம். அந்த எல்லையைத் தொடுவதில்லை, ஆட்டம் அடங்குகிறது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் நிறுத்தும் எல்லையே மேலே இருக்கும், கெட்டியான ஆயிலின் இழுவையும் சேரும். அதனால் காலையில் அமைதி. நீங்கள் பேட்டரியைக் கழற்றி வைத்ததுகூட இதோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறது. த்ராட்டில் சென்சார் (தட்டு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது) காட்டும் மிகக் குறைந்த வோல்ட்டேஜையே மூடிய நிலை என்று கற்றுக்கொள்ளும் வகை ஈ.சி.யூ.வாக இருந்தால், மறதிக்குப் பின் அது நீங்கள் திருகி வைத்த புது இடத்தையே மூடிய நிலை என்று ஏற்றுக்கொண்டிருக்கும்.

ஆக, ஊசி இப்படி ஒழுங்கான தாளத்தில் ஆடுவது ஈ.சி.யூ. தன் விதிப்படி வேலை செய்வதற்குச் சாட்சி. தாளமே இல்லாமல் எஞ்சின் உதறினால் கதை வேறு: ஸ்பார்க் பிளக், வயர், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டியிருக்கும்.

முதல் வேலை: ஸ்க்ரூவைத் திருப்பி வைப்பது

ஸ்டாப் ஸ்க்ரூ ஐடிலிங்கைக் கூட்டிக் குறைக்க வைத்தது என்று கார்புரேட்டர் காலப் பழக்கத்தில் நினைத்துவிட்டீர்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் அதன் வேலை, தட்டு துளைக்குள் போய் இறுகிவிடாமல் தடுப்பது மட்டும். தொழிற்சாலையிலேயே வைத்துப் பெயின்ட் புள்ளி இட்டிருப்பார்கள்.

அரைச் சுற்று என்று நிச்சயமாக நினைவிருந்தால் அதே அரைச் சுற்று வெளியே எடுங்கள். சந்தேகமிருந்தால் லாக் நட்டைத் தளர்த்தி, லீவரைத் தொடாத அளவுக்கு ஸ்க்ரூவை வெளியே எடுத்து, தட்டு முழுதாக மூடட்டும். பிறகு ஸ்க்ரூவுக்கும் லீவருக்கும் இடையே ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்து, காகிதம் லேசாகப் பிடிபடும் இடம் வரை திருகுங்கள். அங்கிருந்து கால் சுற்று போதும். உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் சரி. ஆக்ஸிலேட்டர் கேபிளில் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். கேபிள் இறுகியிருந்தாலும் தட்டு திறந்தே நிற்கும்.

அடுத்து த்ராட்டில் சென்சார். சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல், மல்டிமீட்டரால் சிக்னல் வயரை அளந்து பாருங்கள். 5 வோல்ட் சப்ளை உள்ள சென்சாரில் தட்டு மூடியிருக்கும்போது பெரும்பாலும் 0.4 முதல் 0.6 வோல்ட் இருக்கும். தட்டை மெதுவாகத் திறக்கும்போது எங்கும் தொங்காமல், குதிக்காமல் 4 வோல்ட்டுக்கு மேல் போக வேண்டும். 1,90,000 கிலோமீட்டரில் அதிகம் தேயும் இடம் ஆரம்பப் பகுதிதான். அங்கேயே கவனமாகப் பாருங்கள்.

இதோடு ஊசல் நிற்க வேண்டும். ஆஃப் ஆகும் பழைய தொல்லை முழு பலத்தோடு திரும்பி வரும். அது வரட்டும், இனிமேல்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

ஒரு விரலால் பாதி பதில்

த்ராட்டில் பாடியின் வாயில், தட்டுக்கு முன்னால், ஒரு சிறு துளை இருக்கும். ஐ.ஏ.சி. வால்வுக்குப் போகும் காற்று வழி அதுதான். சில வண்டிகளில் அது தனி ஹோஸாக இருக்கும். ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, சூடான எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது அந்தத் துளையை விரலால் அடையுங்கள், அல்லது ஹோஸை பிளையரில் துணி சுற்றி நசுக்குங்கள். உங்கள் வண்டியில் காற்றளவு சென்சார் குழாயில் இல்லை, மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான் இருக்கிறது, ஃபயர்வாலில் உள்ள அந்தச் சிறிய பெட்டிதான் அது. அதனால் குழாயைக் கழற்றி ஓட்டலாம். காற்றளவு சென்சார் உள்ள வண்டியில் இப்படிச் செய்தால் எஞ்சின் நின்றுவிடும். தளர்ந்த சட்டைக் கை, துணி எதுவும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகே போகக் கூடாது.

அடைத்ததும் ஆர்.பி.எம். விழுந்து எஞ்சின் அணையப் போனால், காற்று முறையான வழியில்தான் வருகிறது, சந்தேகம் ஐ.ஏ.சி. பக்கம். அடைத்தும் 800, 1,000 என்று ஓடிக்கொண்டே இருந்தால், வேறெங்கிருந்தோ கள்ளக் காற்று நுழைகிறது.

கள்ளக் காற்றைத் தேடுவது

வேக்யூம் லீக் என்றாலே எஞ்சின் வலுவிழந்து உதறும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. காற்றளவு சென்சார் உள்ள வண்டியில் அது சரி: அளக்கப்படாத காற்றுக்குப் பெட்ரோல் கிடைக்காது, கலவை மெலிந்துவிடும். உங்கள் வண்டியில் லீக் ஏற்பட்டால் மேனிஃபோல்டு அழுத்தம் கூடும், மேப் சென்சார் அதைப் பார்த்துச் சொல்லும், ஈ.சி.யூ. அதற்கேற்பப் பெட்ரோலும் கொடுத்துவிடும். எஞ்சின் உதறாது, ஆர்.பி.எம். மட்டும் ஏறும். லீக் இருந்தும் வண்டி நன்றாக ஓடுவது போலத் தெரிவதும், விளக்கு எரியாததும் இதனால்தான். பழைய ஈ.சி.யூ.க்கள் பெரும்பாலும் சென்சார் வயர் அறுந்ததா, ஷார்ட் ஆனதா என்று மட்டுமே கண்காணிக்கும். விரிசல் விட்ட ரப்பர் அவற்றின் கணக்கில் வராது.

தேட வேண்டிய இடங்களில் முதலிடம் சார்கோல் கேனிஸ்டரின் பர்ஜ் வால்வுக்கு. டேங்க் நிரப்பிய அன்று தொல்லை கூடுகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரி அங்கேதான் கை காட்டுகிறது. பெட்ரோல் ஆவி கேனிஸ்டரில் சேரும். எஞ்சின் ஓடும்போது ஈ.சி.யூ. இந்த வால்வைத் திறந்து ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். வால்வு சரியாக மூடாவிட்டால் ஐடிலிங்கிலும் ஆவி உள்ளே ஒழுகி, கலவை கெட்டு, எஞ்சின் மூச்சுத் திணறும். வால்வைக் கழற்றி, கனெக்டர் இல்லாமல் வாயால் ஊதுங்கள், உறிஞ்சாதீர்கள். மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் ரகம் என்றால் காற்றே போகக் கூடாது. இன்னொன்று: பெட்ரோல் போடும்போது துப்பாக்கி முதல் தடவை க்ளிக் என்று நின்றதும் நிறுத்திவிடுங்கள். கழுத்துவரை நிரப்பினால் திரவப் பெட்ரோலே கேனிஸ்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும்.

அடுத்தது பிரேக் பூஸ்டர் ஹோஸ். எஞ்சின் ஓட, வண்டி நிற்க, பிரேக்கை மிதித்துப் பிடியுங்கள். உஸ் என்ற சத்தம் தொடர்ந்தாலோ ஆர்.பி.எம். மாறியே நின்றாலோ பூஸ்டர் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். அப்படியானால் ஐடிலிங்கை மறந்துவிட்டு முதலில் பிரேக்கைச் சரி செய்யுங்கள்.

பி.சி.வி. வால்வின் (எஞ்சின் அடியில் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குத் திருப்பி அனுப்புவது) ஹோஸ் பெரும்பாலும் வளைவின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெடித்திருக்கும். ஆயிலில் ஊறி மெத்தென்று ஆகியிருந்தாலே மாற்றிவிடுங்கள். மேப் சென்சாருக்கு வரும் அந்த மெல்லிய ஹோஸையும் பாருங்கள். அதில் சிறு விரிசல் போதும், ஈ.சி.யூ.வுக்கு உள்ளே நடப்பது தவறாகத் தெரிந்துவிடும். இன்ஜெக்டர் அடியில் உள்ள ரப்பர் வளையங்கள், மேனிஃபோல்டு காஸ்கெட், த்ராட்டில் பாடியின் அடிக் காஸ்கெட் ஆகியவை அதன் பிறகு. தட்டின் தண்டு தேய்ந்து இரண்டு பக்கமும் காற்று இழுப்பதும் இந்த வயதில் உண்டு. தட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சோதிக்கும் முறை எளிது. ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது ஆர்.பி.எம். சட்டென்று விழுகிறதோ அதன் மறுமுனையில்தான் குற்றவாளி இருக்கிறான். பி.சி.வி. ஹோஸை நசுக்கினால் கொஞ்சம் இறங்குவது மட்டும் இயல்பு. காஸ்கெட் ஓரங்களில் தண்ணீரை மெல்லத் தூவிப் பாருங்கள், எலெக்ட்ரிகல் கனெக்டர்களைத் தவிர்த்து. கார்ப் கிளீனரைத் தெளித்துப் பார்க்கச் சொல்வார்கள். சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் அது தீயோடு விளையாடுவது. நல்ல ஒர்க்‌ஷாப்பில் ஸ்மோக் டெஸ்ட் இருக்கும். புகையை மேனிஃபோல்டுக்குள் விட்டால் எங்கே கசிகிறதோ அங்கே வெளியே வந்து நிற்கும். வேக்யூம் கேஜ் கிடைத்தால், கடல்மட்டத்தில் சூடான நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும். உயரம் 300 மீட்டர் கூடக் கூட ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும்.

ஐ.ஏ.சி. வால்வும் அதன் பாதையும்

முன்பக்கம் ஸ்ப்ரே அடித்தால் தட்டு பளபளக்கும். பக்கவாட்டில் வளைந்து போகும் காற்று வழியில் 1,90,000 கிலோமீட்டர் கரி அப்படியே இருக்கும். வேறு வால்வை மாட்டியும் பலன் தெரியாததற்கு இது ஒரு காரணம். அந்தப் பழைய வால்வும் அதே கரியோடு வந்திருக்கலாம் என்பது இன்னொன்று. த்ராட்டில் பாடியைக் கழற்றி, வால்வையும் எடுத்து, இரண்டு பக்கமிருந்தும் வழியைச் சுத்தம் செய்ய வேண்டும். த்ராட்டில் பாடி கிளீனரும் பழைய டூத் பிரஷும் போதும். சில தட்டுகளின் ஓரத்தில் கறுப்புப் பூச்சு இருக்கும்; அது அழுக்கு இல்லை, காற்று கசியாமல் இருக்கப் பூசியது, சுரண்டாதீர்கள். ஸ்டெப்பர் மோட்டார் ரக வால்வின் கூர்முனையைக் கையால் அழுத்தவோ இழுக்கவோ கூடாது. உள்ளே இருக்கும் புரி உடைந்துவிடும். மோட்டார் பக்கம் கிளீனர் இறங்கக் கூடாது. காஸ்கெட்டுகள் புதிதாகப் போடுங்கள்.

வால்வு வேலை செய்கிறதா என்று பார்க்க: சூடான ஐடிலிங்கில் ஹெட்லைட், புளோயர், ஏ.சி. மூன்றையும் ஒன்றாகப் போடுங்கள். ஆர்.பி.எம். ஒரு நொடி தாழ்ந்து, உடனே பழைய இடத்துக்கோ கொஞ்சம் மேலேயோ வர வேண்டும். தாழ்ந்த இடத்திலேயே கிடந்தால் வால்வோ அதன் வயரோ கேட்கவில்லை.

எந்தப் பழைய வால்வையும் ஓம் மீட்டரில் பார்க்காமல் மாட்டாதீர்கள். ஸ்டெப்பர் ரகத்தில் சுருள்கள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 20 முதல் 60 ஓம்ஸுக்குள் இருக்கும். அளவைவிட முக்கியம், எல்லாச் சுருளும் ஏறக்குறைய சமமாக இருப்பது. சுருள் ஷார்ட் ஆன வால்வை மாட்டினால் ஈ.சி.யூ.வுக்குள் அதை இயக்கும் சர்க்யூட் எரிந்துவிடலாம். கூலன்ட் ஓடும் வால்வுகளில் சீல் போய் உள்ளே நீர் இறங்கி இதே கதி நேர்வதுண்டு. நீங்கள் மாட்டிய வால்வை இப்போதாவது அளந்துவிடுங்கள்.

சுத்தம் செய்து முடித்ததும் முதல் சில நாள் ஐடிலிங் சற்று அதிகமாக இருந்தால் பதற வேண்டாம். கரிக்கு ஏற்றபடி பழகிய ஈ.சி.யூ. புதிதாகக் கற்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டி, எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓட விடுங்கள். பிறகு ஏ.சி. போட்டு ஐந்து நிமிடம். பேட்டரியைக் கழற்றினால் ஸ்டீரியோ ரகசிய எண் (code) கேட்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே பார்க்க வேண்டியவை

கூலன்ட் குறைந்து காற்றுக் குமிழி நின்றால் ஈ.சி.யூ.வுக்கு எஞ்சின் குளிர்ந்திருப்பதாகத் தெரியும். மீட்டர் ஊசிக்கு ஒரு சென்சார், ஈ.சி.யூ.வுக்கு ஒரு சென்சார் என்று பல வண்டிகளில் தனித்தனியாக இருக்கும். பெரும்பாலும் இரண்டு வயர் உள்ளது ஈ.சி.யூ.வுடையது. பொதுவாக 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம்ஸ், 80 டிகிரியில் 300 ஓம்ஸ் அளவில் இருக்கும். பேட்டரி நெகட்டிவ்வுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே, எல்லா லைட்டும் எரியும்போது, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைச் சுத்தம் செய்யுங்கள்.

ஈ.சி.யூ. வாங்கலாமா?

இப்போது வேண்டாம். பழைய ஈ.சி.யூ. உங்கள் சாவியின் இம்மொபிலைசரோடு (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) ஒத்துப்போகாமல் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். ஒரே மாதிரிப் பெட்டியாக இருந்தாலும் பார்ட் நம்பரின் கடைசி எழுத்து மாறினால் உள்ளே இருக்கும் கணக்கு வேறாக இருக்கலாம். ஐ.ஏ.சி. வால்வு சரி, வயர் சரி, லீக் இல்லை, ஆனாலும் வால்வின் கனெக்டருக்கு ஈ.சி.யூ.விலிருந்து துடிப்பு வரவில்லை என்று மீட்டரில் காட்டினால் மட்டுமே அந்தப் பக்கம் போங்கள். அப்போதும் முதலில் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்: இந்த வயதுப் பெட்டிகளில் கெப்பாசிட்டர் ஒழுகிப் பலகையை அரித்திருப்பது உண்டு, எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் பழுதுபார்த்துத் தந்துவிடுவார். ஈ.சி.யூ. போய்விட்டது என்று சொல்பவரிடம் எந்த வயரில் எவ்வளவு வோல்ட்டேஜ் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். எண் சொல்லவில்லையென்றால் அவர் சோதிக்கவில்லை. கழற்றிய உங்கள் ஒரிஜினல் ஐ.ஏ.சி. வால்வையும் கேட்டு வாங்கி வையுங்கள். சுத்தம் செய்தால் அதுவே போதுமானதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இன்ஜெக்டர் கிளீனரால் தீங்கில்லை, உங்கள் தொல்லைக்குப் பலனும் இல்லை. அது இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலோடு போகிறது. த்ராட்டில் தட்டையும் ஐ.ஏ.சி. வழியையும் அது தொடவே போவதில்லை.